நிறுவி குறைவாகக் கேட்கட்டும்: விண்டோஸ் மென்பொருள் நிறுவலை எளிதாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு மென்பொருளை எழுதி முடிக்க மாதக்கணக்கில் உழைக்கும் குழுக்கள்கூட, அதைப் பயனரின் கணினியில் கொண்டுசேர்க்கும் நிறுவியை வெளியீட்டுக்கு முந்தைய நாள் மாலையில், பழைய திட்டம் ஒன்றின் கோப்பை நகலெடுத்து, பெயரை மட்டும் மாற்றி உருவாக்கிவிடுவது வழக்கமாக இருக்கிறது. அந்தப் பழைய கோப்பில் வரவேற்புப் பக்கம், உரிமப் பக்கம், கோப்புறைப் பக்கம், ஸ்டார்ட் மெனுப் பக்கம், "நிறுவத் தயார்" என்று அறிவிக்கும் பக்கம் ஆகியவை ஏற்கெனவே இருப்பதால் அவை புதிய நிறுவியிலும் இருக்கும்; அவற்றில் எது யாருக்குத் தேவை என்று எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். பயனரோ "அடுத்து" என்ற பொத்தானை எதையும் படிக்காமல் அழுத்திச் செல்லப் பழகிவிட்டார். உண்மையிலேயே படிக்க வேண்டிய ஒரு கேள்வி வரும்போதும் அவர் அதே வேகத்தில்தான் அழுத்துவார்.

இன்னோ செட்டப், என்எஸ்ஐஎஸ், விக்ஸ் போன்ற கருவிகளைக் கொண்டு விண்டோஸுக்கான நிறுவிகளைத் தயாரிக்கும் சிறிய குழுக்களையும் தனி நிரலாளர்களையும் கருத்தில் கொண்டு இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. விளக்கத்துக்காக, சில்லறைக் கடைகளுக்கான ஒரு பில்லிங் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஒரு தரவுத்தளம் தேவை; ரசீது அச்சிடும் பிரிண்டர் இணைக்கப்பட்டிருக்கும்; நிறுவுபவர் கடைக்காரராகவோ, "கம்ப்யூட்டர் தெரிந்தவர்" என்று அவர் நம்பும் உறவுப் பையனாகவோ இருப்பார். நிறுவி தானே கண்டறியக்கூடியதையும் தானே தீர்மானிக்கக்கூடியதையும் இவர்களிடம் கேட்கக் கூடாது என்பதே கீழே வரும் எல்லாப் படிகளுக்கும் அடிப்படை.

படி 1: கேள்விகளைக் கணக்கெடுங்கள்

இப்போதுள்ள நிறுவியை இயக்கி, ஒவ்வொரு பக்கத்தையும் படம்பிடித்து, அதிலுள்ள ஒவ்வொரு தேர்வுப்பெட்டியையும் உரைப்பெட்டியையும் ஒரு விரிதாளில் தனித்தனி வரியாக எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே, இதற்கான விடை யாருக்குத் தெரியும் என்று குறியுங்கள். விண்டோஸ் 64 பிட்டா, பழைய பதிப்பு ஏற்கெனவே இருக்கிறதா, வட்டில் இடம் போதுமா என்பவை கணினிக்கே தெரியும். அவற்றைக் கேட்பது சோம்பல். தரவுத்தளம் எந்தப் போர்ட்டில் (மற்ற நிரல்கள் அதைத் தொடர்புகொள்ளும் எண்ணிட்ட வாசலில்) இயங்க வேண்டும், தற்காலிகக் கோப்புகள் எங்கே இருக்க வேண்டும் என்பவை நிரலாளருக்குத் தெரியும். அவற்றைக் கேட்பது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது. கடையின் பெயர், வரிப் பதிவு எண் ஆகியவை பயனருக்கு மட்டுமே தெரியும். ஆனால் அவையும் நிறுவலின்போதே தேவைப்படுகின்றனவா, மென்பொருளை முதன்முறை திறக்கும்போது கேட்டால் போதாதா என்று யோசித்தால், பெரும்பாலானவை நிறுவியிலிருந்து வெளியேறிவிடும்.

இந்தக் கணக்கெடுப்பைக் கற்றுக்கொள்ள நல்ல பயிற்சிக்களம், நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளின் விண்டோஸ் நிறுவி. இன்னோ செட்டப்பில் உருவாக்கப்பட்ட அது, எந்த எடிட்டர் வேண்டும், கட்டளைகளை விண்டோஸ் தேடும் கோப்புறைகளின் பட்டியலான பாத் மாறியை எப்படி மாற்ற வேண்டும், வரி முடிவுக் குறிகளை எப்படிக் கையாள வேண்டும், எந்த டெர்மினல் வேண்டும், புதிய களஞ்சியத்தின் முதல் கிளைக்கு என்ன பெயர் வேண்டும் என்று பக்கம் பக்கமாகக் கேட்கிறது. கிட்டை அன்றுதான் கற்கத் தொடங்கும் மாணவருக்கு, வரி முடிவுக் குறி பற்றிய கேள்வியின் பொருளே புரியாது. புரியும் நாளில் அந்த அமைப்பை அவரே கட்டளை வரியில் மாற்றிக்கொள்வார். இவ்வளவும் சொன்ன பிறகு, அந்த நிறுவியைப் பாராட்டவும் வேண்டும். ஒவ்வொரு தேர்வுக்கும் கீழே அதன் விளைவு ஓரிரு வாக்கியங்களில் விளக்கப்பட்டிருக்கிறது. புதிய பதிப்பை நிறுவும்போது முந்தைய விடைகள் நினைவில் வைக்கப்படுகின்றன. புதிதாகச் சேர்ந்த கேள்விகளை மட்டும் காட்டச் சொல்லும் தேர்வுப்பெட்டியும் உண்டு. நிறையக் கேட்டே ஆக வேண்டிய நிறுவிக்கு இதைவிட நல்ல முன்மாதிரி எளிதில் கிடைக்காது.

யாரிடம் கேட்கிறோம் என்பதும் கேள்வியின் தகுதியை மாற்றுகிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் விண்டோஸ் நிறுவி 5432 என்ற போர்ட் எண்ணைக் காட்டி, மாற்ற வேண்டுமா என்று கேட்கிறது. நிறுவுபவர் தரவுத்தளத்தை இயக்கத் தெரிந்தவர் என்பதால் அது நியாயமே. அதே தரவுத்தளத்தை உள்ளடக்கிய நம் பில்லிங் மென்பொருள் அதே கேள்வியைக் கடைக்காரரிடம் நீட்டினால், அவர் நிரலாளரைத் தொலைபேசியில் அழைப்பார். நிறுவியே காலியான போர்ட் ஒன்றைத் தேடி எடுத்துக்கொள்ளலாம். அதைவிட நல்லது, ஒரே கணினியில் இயங்கும் கடைக்கு எஸ்க்யூலைட் போன்ற, மென்பொருளுக்குள்ளேயே இயங்கும் உள்ளமை தரவுத்தளத்தைப் பயன்படுத்தி, போர்ட் என்ற கேள்வியே எழாதபடி செய்துவிடுவது. நிறுவியின் பயன்பாட்டுத்தன்மையைக் கெடுப்பது பல நேரங்களில் மென்பொருளின் கட்டமைப்புதான். திரைகளை மட்டும் அழகுபடுத்தி அதைச் சரிசெய்ய முடியாது.

படி 2: பக்கங்களை நீக்குங்கள்

வரவேற்புப் பக்கம் எந்தத் தகவலையும் தருவதில்லை. விண்டோஸ் விஸ்டா காலத்து வடிவமைப்பு நெறிமுறைகளிலேயே வரவேற்புப் பக்கத்தைத் தவிர்க்குமாறு மைக்ரோசாஃப்ட் பரிந்துரைத்துவிட்டது; இன்னோ செட்டப்பும் அதைப் பின்பற்றி அப்பக்கத்தை இயல்பாகவே மறைத்துவிடுகிறது. கோப்புறைப் பக்கமும் ஸ்டார்ட் மெனுப் பக்கமும், முந்தைய பதிப்பு கணினியில் இருந்தால் தாமாக மறைந்துகொள்ளும்படி அதில் அமைக்கப்பட்டுள்ளன. இவற்றை மீண்டும் காட்டும்படி உங்கள் ஸ்கிரிப்டில் யாராவது எழுதியிருந்தால், பெரும்பாலும் அது பழைய கோப்பிலிருந்து ஒட்டிவந்த வரியாகவே இருக்கும். ஸ்டார்ட் மெனுவில் எந்தத் துணைக் கோப்புறையில் குறுக்குவழி இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு இன்று ஒரு பயனும் இல்லை. மக்கள் பெயரைத் தட்டச்சிட்டுத் தேடியே திறக்கிறார்கள்.

உரிமப் பக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். யாரும் அதைப் படிப்பதில்லை என்பதற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு: பிசி பிட்ஸ்டாப் என்ற நிறுவனம், தன் உரிம ஒப்பந்தத்துக்குள், குறிப்பிட்ட முகவரிக்கு எழுதுபவருக்குப் பணம் தரப்படலாம் என்று ஒரு வரியை ஒளித்துவைத்தது, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவிறக்கங்களுக்குப் பிறகே ஒருவர் எழுதினார், அவருக்கு 1000 டாலர் கிடைத்தது. உங்கள் மென்பொருள் வணிக உரிமம் கொண்டதாயின், வழக்கறிஞரின் கருத்தைக் கேட்டு, முழு உரையையும் ஒரு சிறிய சுருள்பெட்டியில் திணிப்பதற்குப் பதிலாக, "நிறுவு" பொத்தானுக்கு மேலே ஒரு வாக்கியத்தையும் முழு உரைக்கான இணைப்பையும் வைக்க முடியுமா என்று பாருங்கள். ஜிபிஎல் என்ற பொது உரிமத்தில் வெளியிடும் கட்டற்ற மென்பொருளாளர்கள் இந்தப் பக்கத்தை வைக்கவே வேண்டியதில்லை. மென்பொருளைப் பெறுவதற்கும் இயக்குவதற்கும் உரிமத்தை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று ஜிபிஎல் மூன்றாம் பதிப்பின் ஒன்பதாம் பிரிவே சொல்கிறது. "ஏற்கிறேன்" என்பதைச் சொடுக்கினால்தான் மேலே போக முடியும் என்று கட்டற்ற மென்பொருளின் நிறுவி தடுத்துநிற்பது அந்த உரிமத்தின் மனப்பான்மைக்கே எதிரானது.

நீக்க வேண்டியவற்றில் இன்னொன்று, கூடவே வரும் பிறர் சரக்கு. ஜாவா நிறுவியில், உலாவியில் ஒட்டிக்கொள்ளும் ஆஸ்க் டூல்பார் முன்கூட்டியே தேர்வுசெய்யப்பட்டு வந்த காலத்தையும், அறியாமல் அதை நிறுவிக்கொண்டவர்கள் பட்ட எரிச்சலையும் பலர் மறந்திருக்க மாட்டார்கள். கட்டற்ற மென்பொருள்களைப் பதிவிறக்கத் தரும் சோர்ஸ்ஃபோர்ஜ் தளம் தன் நிறுவிகளில் விளம்பரச் சரக்கைச் சேர்த்ததைக் காரணமாகக் கூறி, ஜிம்ப் என்ற பட எடிட்டர் திட்டம் 2013இல் தன் விண்டோஸ் பதிவிறக்கங்களை அங்கிருந்து எடுத்துக்கொண்டது. 2016இல் சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தின் உரிமை கைமாறிய பிறகே விளம்பரச் சரக்கைச் சேர்க்கும் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. முன்கூட்டியே குறியிடப்பட்ட பெட்டியைச் சம்மதமாகக் கொள்வது, பயனர் படிக்காமல் அழுத்துகிறார் என்பதை அறிந்தே செய்யும் வேலை.

படி 3: எஞ்சியதை ஒரே பக்கத்தில் அடுக்குங்கள்

நம் பில்லிங் மென்பொருளில் கணக்கெடுப்புக்குப் பிறகு எஞ்சுவது, புதிதாகத் தொடங்குகிறீர்களா அல்லது பழைய கணினியின் காப்புப்பிரதியை மீட்கிறீர்களா என்ற ஒரே கேள்விதான் என்று வைத்துக்கொள்வோம். அதையும், நிறுவப்படும் இடத்தையும், தேவைப்படும் வட்டிடத்தையும் ஒரே பக்கத்தில் காட்டி, "நிறுவு" என்ற பொத்தானை வைத்துவிடலாம். மாற்ற விரும்புபவருக்கு "விருப்பங்கள்" என்ற சிறிய இணைப்பு போதும். மீளமுடியாத செயலைத் தொடங்கும் பொத்தானில் "அடுத்து" என்று ஒருபோதும் எழுதாதீர்கள். அதை அழுத்தினால் இன்னொரு பக்கம் வருமா, கோப்புகள் எழுதப்படுமா என்று பயனருக்குத் தெரியாது.

பைத்தான் மொழியின் விண்டோஸ் நிறுவி 3.5 பதிப்பிலிருந்து இந்த வடிவத்தைத்தான் கொண்டிருக்கிறது. "இப்போதே நிறுவு" என்பது பெரியதாகவும், "தனிப்பயனாக்கு" என்பது அதற்குக் கீழேயும் இருக்கும். ஆனால் பாத் மாறியில் பைத்தானைச் சேர்க்கும் தேர்வுப்பெட்டி அதே பக்கத்தின் அடியில், குறியிடப்படாமல் இருக்கிறது. பெரிய பொத்தான் முதலில் கண்ணில் படுவதால் புதியவர்கள் அதை அழுத்திவிடுகிறார்கள். பிறகு கட்டளை வரியில் பைத்தான் என்று தட்டச்சிட்டு, அப்படி ஒரு கட்டளையே இல்லை என்ற விடையைப் பெற்றுத் திகைக்கிறார்கள். அந்தப் பெட்டியைக் குறியிடாமல் விட்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஒரே கணினியில் பல பைத்தான் பதிப்புகளை வைத்திருப்பவருக்கு, புதிய நிறுவல் பழையதை மறைத்துவிடும் ஆபத்து உண்டு. இருந்தாலும் பல பதிப்புகளை வைத்திருப்பவர் எச்சரிக்கைகளைப் படிக்கத் தெரிந்தவர், முதல் பதிப்பை நிறுவுபவர் தெரியாதவர். இயல்பு மதிப்பு எப்போதும் தெரியாதவரின் பக்கம் நிற்க வேண்டும். வேறு பைத்தான் ஏற்கெனவே இருக்கிறதா என்பதை நிறுவியே பார்த்து, இல்லாத கணினியில் மட்டும் குறியிட்டுக் காட்டியிருக்கலாம் என்பது என் கருத்து.

வரிசையான பக்கங்களைக் கைவிட்டு, ஒரே மையத் திரையிலிருந்து ஒவ்வொரு அமைப்புக்கும் போய்வரும் வடிவத்துக்கு மாறலாமா என்ற ஆசையும் எழும். ஃபெடோரா 18 பதிப்பில், 2013 ஜனவரியில், லினக்ஸ் நிறுவியான அனகோண்டா அப்படித்தான் மாற்றியமைக்கப்பட்டது. எதை முடித்தோம், எது பாக்கி என்று தெரியாமல் தடுமாறியதாகவும், "முடிந்தது" என்ற பொத்தான் திரையின் மேல் இடது மூலையில் இருந்ததைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றும் பயனர்கள் குறைகூறினார்கள். வட்டுப் பிரிப்பு, பிணையம், பயனர் கணக்கு என்று ஒன்றையொன்று சாராத பல முடிவுகள் இருக்கும் இயங்குதள நிறுவிக்கு அந்த வடிவம் ஓரளவு பொருந்தும். நான்கைந்து கோப்புறைகளை நகலெடுக்கும் நிறுவிக்கு அது மிகை.

படி 4: நிர்வாகி உரிமையைத் தேவைப்பட்டால் மட்டும் கேளுங்கள்

விண்டோஸ் விஸ்டாவில் பயனர் கணக்குக் கட்டுப்பாடு வந்ததிலிருந்து, நிர்வாகி உரிமை வேண்டும் நிறுவி ஒவ்வொன்றும் திரையை மங்கலாக்கி அனுமதி கேட்கிறது. கடவுச்சொல் உரிமையாளரிடம் மட்டும் இருக்கும் கடையில், ஊழியர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார். டிரைவரோ சேவையோ நிறுவத் தேவையில்லாத மென்பொருளை, அந்தப் பயனருக்கு மட்டும், அவருடைய உள்ளூர்ப் பயன்பாட்டுத் தரவுக் கோப்புறைக்குள் இருக்கும் புரோகிராம்ஸ் கோப்புறையில் நிறுவிவிடலாம். பைத்தான் இயல்பாகச் செய்வது இதுதான். விஷுவல் ஸ்டுடியோ கோடும் 2018 முதல் இப்படியொரு பயனர் நிறுவியை வழங்குகிறது. இன்னோ செட்டப்பில் தேவைப்படும் உரிமையை மிகக் குறைந்ததாக அறிவிக்க ஒரே வரி போதும். எல்லாருக்கும் நிறுவ விரும்புபவருக்கு அந்தத் தேர்வைத் தனியே அனுமதிக்கவும் வழி இருக்கிறது.

பல ஊழியர்கள் தனித்தனிக் கணக்கில் நுழையும் கணினியாயின், எல்லாருக்குமான நிறுவலே பொருத்தம். அப்போது இரண்டு பொறிகள் காத்திருக்கின்றன. ஊழியரின் கணக்கில் இயங்கும் நிறுவிக்கு உரிமையாளரின் கடவுச்சொல் கொடுக்கப்பட்டால், நிறுவியின் பார்வையில் "நடப்புப் பயனர்" என்பவர் உரிமையாளராகிவிடுகிறார். அந்த நேரத்தில் எழுதப்படும் பயனர் அமைப்புகள் ஊழியரின் கணக்குக்குப் போய்ச் சேராது. ஆகவே பயனருக்குரிய அமைப்புகளை நிறுவியில் எழுதாமல், மென்பொருள் முதன்முறை திறக்கப்படும்போது எழுதுங்கள். இரண்டாவது பொறி தரவு இருக்கும் இடம். புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையில் சாதாரணப் பயனரால் எழுத முடியாது; பழைய 32 பிட் மென்பொருள்கள் எழுத முயன்றால் விண்டோஸ் அவற்றை ஒவ்வொரு பயனருக்கும் தனியான மறைவிடத்துக்குத் திருப்பிவிடும், அதனால் ஒருவர் போட்ட பில் மற்றவருக்குத் தெரியாமல் போகும். பொதுத் தரவைப் புரோகிராம் டேட்டா கோப்புறையில் வைப்பதே முறை. ஆனால் அங்கும் ஒருவர் உருவாக்கிய கோப்பை இன்னொரு சாதாரணப் பயனர் இயல்பாகத் திருத்த முடியாது என்பதால், உங்கள் துணைக் கோப்புறைக்கு மட்டும் திருத்தும் அனுமதியை நிறுவியே வழங்க வேண்டும்.

அனுமதித் திரையில் தோன்றும் பெயரும் பயன்பாட்டுத்தன்மையின் ஒரு பகுதியே. டிஜிட்டல் கையொப்பம் இல்லாத நிறுவி, "அறியப்படாத வெளியீட்டாளர்" என்ற பட்டத்தோடு தோன்றும். அதற்கு முன்பே விண்டோஸின் பாதுகாப்பு வடிகட்டியான ஸ்மார்ட்ஸ்கிரீன் நீலத் திரையைக் காட்டி, "மேலும் தகவல்" என்பதைச் சொடுக்கினாலன்றி இயக்கும் பொத்தானையே மறைத்துவைத்திருக்கும். அந்தத் திரையைத் தாண்டுவது எப்படி என்று பயனருக்குப் படம்போட்டு விளக்குவதைவிட, கையொப்பச் சான்றிதழுக்குச் செலவிடுவது நேர்மையானது. 2023 ஜூன் முதல் கையொப்பமிடப் பயன்படும் ரகசியத் தனித்திறவி வன்பொருள் சாதனத்தில்தான் இருக்க வேண்டும் என்ற விதி வந்துவிட்டதால், செலவும் சிரமமும் கூடியிருக்கின்றன என்பதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: தொடுவதற்கு முன் சோதியுங்கள்

பாதி வழியில் தோல்வியடையும் நிறுவல், தொடங்காத நிறுவலைவிட மோசமானது. விண்டோஸின் பதிப்பு, வட்டிடம், எழுதும் அனுமதி, தேவைப்படும் இயக்கநேர நூலகங்கள், மென்பொருளின் பழைய பதிப்பு இப்போது திறந்திருக்கிறதா என்பது ஆகிய அனைத்தையும், முதல் கோப்பை எழுதுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். கண்ட குறைகளை ஒவ்வொன்றாக அறிவித்து நிறுத்தாமல், எல்லாவற்றையும் ஒரே திரையில் சேர்த்துச் சொல்லுங்கள். ஒன்றைச் சரிசெய்து திரும்பி வந்தவரிடம் இரண்டாவது குறையை நீட்டுவது அவருடைய பொறுமையைச் சோதிப்பது.

மென்பொருள் திறந்திருந்தால், விஸ்டா முதல் விண்டோஸில் இருக்கும் ரீஸ்டார்ட் மேனேஜர் வழியாக அதை மூடவும் பிறகு மீண்டும் திறக்கவும் முடியும். இன்னோ செட்டப்பும், விண்டோஸிலேயே உள்ள நிறுவல் சேவையான விண்டோஸ் இன்ஸ்டாலரும் இதைப் பயன்படுத்துகின்றன. ஆனால் பாதி போட்ட பில் திரையில் இருக்கும்போது மென்பொருளை வலுக்கட்டாயமாக மூடினால் அந்தத் தரவு போய்விடும். மூடச் சொல்லும் செய்தியை மென்பொருள் முறையாகப் பெற்று, நிலையைச் சேமித்த பிறகு மூடிக்கொள்ளும்படி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

படி 6: காத்திருக்கும் நேரத்தை உண்மையாகக் காட்டுங்கள்

ஒரு செயல் 10 விநாடிக்கு மேல் நீடித்தால் பயனரின் கவனம் விலகத் தொடங்கும் என்பது பயன்பாட்டுத்தன்மை ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் பரப்பிய நெடுநாள் விதி. எவ்வளவு முடிந்தது என்று விழுக்காட்டில் காட்டும் பட்டையைப் பயனர்கள் விரும்புகிறார்கள் என்பதை பிராட் மையர்ஸ் 1985இலேயே ஆய்வில் காட்டினார். பட்டை நகரும் விதத்தாலும் உணரப்படும் நேரம் மாறுகிறது: இறுதியில் வேகமெடுக்கும் பட்டை, இறுதியில் தயங்கும் பட்டையைவிட விரைவானதாகத் தோன்றுகிறது என்று கிறிஸ் ஹாரிசனும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் எழுதினார்கள். நம் நிறுவிகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. கோப்புகளை நகலெடுப்பது மட்டும் பட்டையில் கணக்கிடப்பட்டு, தரவுத்தளத்தை உருவாக்குவதும் நூலகங்களை நிறுவுவதும் நூறு விழுக்காட்டை எட்டிய பிறகு நடக்கின்றன; நகராமல் நிற்கும் முழுப் பட்டையைப் பார்த்துச் சிலர் கணினியையே அணைத்துவிடுகிறார்கள்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆகும் நேரத்தை வேகம் குறைந்த ஒரு கணினியில் அளந்து, அந்த விகிதத்தில் பட்டையைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். ஒரே பட்டை போதும். முடிந்து மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் பட்டைகள் எதையும் தெரிவிப்பதில்லை. பட்டைக்கு மேலே மின்னி மறையும் கோப்புப் பெயர்களுக்குப் பதிலாக, "தரவுத்தளம் உருவாக்கப்படுகிறது, சில நிமிடங்கள் ஆகலாம்" என்று எழுதுங்கள். கோப்புப் பெயர்கள், நடந்தவற்றைப் பதியும் லாக் கோப்பில் இருந்தால் போதும்.

நேரத்தை மறைக்க இன்னொரு வழியும் இருக்கிறது. 2010 அக்டோபரில் வந்த உபுண்டு 10.10இன் நிறுவி, வட்டு பற்றிய கேள்விக்கு விடை கிடைத்ததும் கோப்புகளை நகலெடுக்கத் தொடங்கிவிட்டு, நேரமண்டலம், விசைப்பலகை, பயனர் பெயர் ஆகியவற்றை அந்த நேரத்திலேயே கேட்டது. மீளமுடியாத முடிவை முதலில் எடுத்துவிட்டு, மற்றவற்றைப் பின்னணி வேலையோடு இணைக்கும் இந்த உத்தி பெரிய நிறுவிகளுக்கு நன்றாகப் பயன்படும்.

படி 7: பிழைச் செய்திகளை மீண்டும் எழுதுங்கள்

விண்டோஸ் இன்ஸ்டாலர் தரும் 1603 என்ற எண்ணுக்கு, நிறுவல் தோல்வியடைந்தது என்பதற்கு மேல் பொருள் ஏதும் இல்லை. பயனருக்கு அது வெறும் எண். நல்ல பிழைச் செய்தி என்ன நடந்தது, கணினி இப்போது எந்த நிலையில் இருக்கிறது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றையும் சொல்லும். "கோப்பை நீக்க முடியவில்லை; குறியீடு 5" என்பதற்குப் பதிலாக, "பில்லிங் மென்பொருளின் பழைய கோப்பு ஒன்றை மாற்ற விண்டோஸ் அனுமதிக்கவில்லை. உங்கள் பழைய பதிப்பும் பில்களும் அப்படியே உள்ளன. ஆன்டிவைரஸ் அந்தக் கோப்பைப் பிடித்துவைத்திருக்கலாம், ஒரு நிமிடம் கழித்து 'மீண்டும் முயல்' என்பதை அழுத்துங்கள்" என்று எழுதலாம். குறியீட்டு எண்ணைச் செய்தியின் அடியில் சிறிய எழுத்தில் வையுங்கள், ஏனெனில் உதவிக்கு அழைக்கும்போது அதுதான் தேவைப்படும். லாக் கோப்பைத் திறக்கும் இணைப்பையும் அங்கேயே வைத்தால், தற்காலிகக் கோப்புறையில் அதைத் தேடச் சொல்லித் தொலைபேசியில் கால்மணி நேரம் பேச வேண்டியிருக்காது.

"உங்கள் பழைய பதிப்பு அப்படியே உள்ளது" என்று எழுதும் முன் அது உண்மைதானா என்று பார்த்துவிடுங்கள். விண்டோஸ் இன்ஸ்டாலர், மாற்றும் கோப்புகளின் நகலை வைத்துக்கொண்டு, தோல்வியில் முந்தைய நிலைக்கே திருப்பிவிடும். இன்னோ செட்டப் தான் புதிதாகச் சேர்த்தவற்றை நீக்கும். மேலெழுதிவிட்ட பழைய கோப்புகளை மீட்டுத் தராது. அக்கருவியைப் பயன்படுத்துபவர்கள், முக்கியமான கோப்புகளைத் தாங்களே முன்கூட்டி நகலெடுத்துக்கொள்ள வேண்டும். தரவுத்தளத்தைப் பொறுத்தவரை எந்தக் கருவியானாலும் நகல் கட்டாயம்.

படி 8: புதுப்பித்தலையும் நீக்குதலையும் முதல் நிறுவலுக்கு இணையாகக் கருதுங்கள்

ஒருவர் ஒருமுறை நிறுவி, பலமுறை புதுப்பிப்பார். மென்பொருளின் உள் அடையாள எண்ணைப் பதிப்புக்குப் பதிப்பு மாற்றாமல் வைத்திருந்தால்தான் பழைய பதிப்பின்மீதே புதியது அமரும். மாற்றிவிட்டால் நீக்கும் பட்டியலில் ஒரே பெயர் இரண்டு முறை தோன்றும். புதுப்பிக்கும்போது எந்தக் கேள்வியும் தேவையில்லை: "3.1 பதிப்பிலிருந்து 3.2க்கு மாறுகிறது" என்ற வாக்கியமும் ஒரு பொத்தானும் போதும். கணினியை மீண்டும் தொடங்க வேண்டிய தேவை உண்மையிலேயே எழுந்தால், "பிறகு" என்பதே இயல்புத் தேர்வாக இருக்கட்டும். வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும்போது கணினி தானாக அணைவதை எந்தக் கடைக்காரரும் மன்னிக்க மாட்டார்.

நீக்கும்போது தரவை நீக்காதீர்கள். கோளாறைச் சரிசெய்ய "எடுத்துவிட்டு மறுபடி போடுவது" என்ற வழக்கம் பரவலாக இருப்பதால், மென்பொருளை நீக்குபவர் பில்களை இழக்கச் சம்மதித்துவிட்டார் என்று கொள்ள முடியாது. தரவையும் அழிக்க விரும்புகிறீர்களா என்று கேட்கும் பெட்டி குறியிடப்படாமல் இருக்க வேண்டும். தரவு எந்தக் கோப்புறையில் விட்டுவைக்கப்படுகிறது என்பதையும் கடைசித் திரையில் சொல்லுங்கள்.

படி 9: தமிழிலும், திரையைப் பார்க்காமலும் இயங்கட்டும்

கணினி அறிந்ததைக் கேட்கக் கூடாது என்ற விதி தமிழ்ப் பயனர்களிடம் ஓரிடத்தில் தவறிவிடுகிறது. விண்டோஸின் மொழியைப் பார்த்து நிறுவியின் மொழியைத் தேர்ந்தெடுப்பது பொது வழக்கம். ஆனால் தமிழில் வாசிக்க விரும்புபவர்களின் கணினியிலும் விண்டோஸ் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. ஆகவே தமிழ் இடைமுகம் உள்ள நிறுவி, முதல் பக்கத்தின் மேல் மூலையில் "தமிழ்" என்று தமிழ் எழுத்திலேயே ஒரு மாற்றுப் பொத்தானை வைப்பது நல்லது.

ஆங்கிலத்துக்காக அளந்த பொத்தானுக்குள் தமிழ்ச் சொல் அடங்காது. உயரம் குறைந்த உரைப்பெட்டியில் மேல்விலங்கும் கீழ்விலங்கும் வெட்டுப்படும். விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூஐ எழுத்துரு இயல்பாகவே இருப்பதால், உங்கள் சொந்த எழுத்துருவைக் கொண்டுவர வேண்டியதில்லை. திரை அளவை 125, 150 விழுக்காடுகளாக்கிப் பார்த்து, அகலங்களைத் தளர்த்துங்கள். பழைய என்எஸ்ஐஎஸ் ஸ்கிரிப்டுகளைக் கவனமாகப் பார்க்க வேண்டும்: ஒருங்குறி (யூனிகோட்) ஆதரவு அதன் அதிகாரபூர்வ வெளியீட்டில் 2016இல் வந்த 3.0 பதிப்பில்தான் சேர்ந்தது. விண்டோஸ் கணக்கின் பெயரே தமிழில் இருந்தால் பயனர் கோப்புறையின் பாதையும் தமிழில் இருக்கும். ஒருங்குறி அறியாத நிறுவி அங்கே கோப்பைத் தேடிக் கேள்விக்குறிகளைக் கண்டு நின்றுவிடும்.

எல்லாப் பக்கங்களையும் டேப், என்டர், எஸ்கேப் விசைகளால் மட்டும் கடக்க முடிய வேண்டும். கட்டணமின்றிக் கிடைக்கும் என்விடிஏ திரைவாசிப்பானை நிறுவி, கண்களை மூடிக்கொண்டு உங்கள் நிறுவியை இயக்கிப் பாருங்கள். படமாக வரைந்த பொத்தான்களும் சொந்தமாக எழுதிய "நவீன" தோற்றங்களும் அங்கேதான் ஊமையாகிப்போகும். விண்டோஸின் இயல்பான பொத்தான்களோ எந்த முயற்சியும் இல்லாமல் பேசும். தோற்றத்துக்காகச் சொந்த இடைமுகம் எழுதுவதை நான் ஆதரிக்காததற்கு முதல் காரணம் இதுவே.

படி 10: திரையே இல்லாத நிறுவலுக்கும் வழி வையுங்கள்

இருபது கணினிகளைப் பராமரிப்பவருக்கு நல்ல நிறுவி என்பது திரையே காட்டாத நிறுவி. எல்லாக் கேள்விகளுக்கும் கட்டளை வரியில் விடைதர முடிய வேண்டும். அமைதி முறையில் எந்தச் செய்திப்பெட்டியும் தோன்றி வேலையை நிறுத்தக் கூடாது. வெற்றிக்கு 0, வெற்றி ஆனால் மறுதொடக்கம் தேவை என்பதற்கு 3010, பயனர் கைவிட்டார் என்பதற்கு 1602 என்று விண்டோஸ் இன்ஸ்டாலர் பின்பற்றும் எண்களையே திருப்பித் தருவது நல்லது. கட்டளை வரியிலிருந்தே மென்பொருளை நிறுவ உதவும் மைக்ரோசாஃப்டின் விங்கெட் களஞ்சியத்தில் மென்பொருளைச் சேர்க்கவும் அமைதி நிறுவல் கட்டாயம். இயல்பு மதிப்புகள் சரியாக இருக்கும் நிறுவிக்கு இந்தப் படி பெரிய வேலையே அல்ல.

படி 11: உண்மையான மனிதர்களோடு சோதியுங்கள்

உங்கள் சொந்தக் கணினியில் நடத்தும் சோதனைக்கு மதிப்பில்லை; தேவையான நூலகங்கள் அனைத்தும் அங்கே ஏற்கெனவே இருக்கும். விண்டோஸ் 10இன் 1903 பதிப்பு முதல் புரோ, எண்டர்பிரைஸ் வகைகளில் கிடைக்கும் விண்டோஸ் சாண்ட்பாக்ஸ், ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறந்த கணினியைத் தருகிறது. பழைய விண்டோஸ் பதிப்புகளுக்கு மெய்நிகர் கணினிகளை அமைத்து, தூய நிலையின் ஸ்னாப்ஷாட்டை வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பயனர் கணக்கு, தமிழில் பெயரிட்ட கணக்கு, இணையம் துண்டிக்கப்பட்ட நிலை, நிறைந்த வட்டு, 1366க்கு 768 அளவுத் திரை, நடுவில் ரத்துசெய்தல் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஓட்டிப் பாருங்கள்.

அதன் பிறகு ஐந்து பேரை அழையுங்கள். ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று நீல்சன் 2000இல் எழுதியது விவாதிக்கப்பட்டிருக்கிறது என்றாலும், நிறுவி போன்ற குறுகிய பாதைக்கு அந்த எண்ணிக்கை தாராளம். அவர்கள் நிரலாளர்களாக இருக்கக் கூடாது. "இந்த மென்பொருளைப் பதிவிறக்கி ஒரு பில் போட்டுக் காட்டுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். மனத்தில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு பேசாமல் இருங்கள். உதவ வேண்டும் என்ற உந்துதலை அடக்குவதுதான் இதில் கடினம். சுட்டி எந்தப் பொத்தானின்மீது தயங்கி நின்றது, எந்தச் சொல்லை இரண்டாம் முறை படித்தார்கள், எப்போது உங்கள் முகத்தைப் பார்த்தார்கள் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பதிவிறக்கத்தைத் தொடங்கியதிலிருந்து முதல் பில் அச்சாகும்வரை ஆன நேரத்தையும் எழுதிவைத்து, அடுத்த பதிப்பிலும் அதே அளவீட்டை எடுங்கள். ஒருவர் தயங்கிய இடத்தில் விளக்க வாக்கியத்தைச் சேர்க்கும் முன், அந்தக் கேள்வியையே நீக்க முடியுமா என்று முதல் படியின் விரிதாளைத் திறந்து பாருங்கள்.